கெட்டிமேளத்துக்கு எத்தனை?

“வாத்தியாரம்மா, தாளம் எண்ணிக் காட்டற மெட்ரோனோம் எது வாங்கலாம்?”

கேட்டவர் கலியபெருமாள். வயது அறுபத்தொன்று. முப்பத்தோரு வருஷம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று விசில் ஊதியே ஓய்வு பெற்றவர்.

பதில் சொல்ல வேண்டியவர் தையல்நாயகி. வயது முப்பத்துநான்கு. தவில் வாசிப்பவர், சொல்லியும் கொடுப்பவர். வார்த்தையைக் கிள்ளித்தான் போடுவார்.

கலியபெருமாளுக்கு அவர் குரு. வயதைப் பார்த்து யாராவது சிரித்தால், “டிக்கெட் கொடுக்கறவர்கிட்ட வயசா கேப்பீங்க?” என்று சண்டைக்குப் போவார்.

கலியபெருமாளின் கோளாறு ஒன்றே ஒன்று. ஓடுவார்.

முதல் சுற்று நிதானமாக இருக்கும். இரண்டாவது கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கும். நான்காவது சுற்றில், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி கை பறக்கும். ஊருக்கெல்லாம் நேரம் பார்த்தவருக்குத் தன் கையில் தாளம் நிற்கவில்லை. பாவம், அந்த வருத்தம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

தையல்நாயகி குச்சியைக் கீழே வைத்தார்.

“உங்களோட சண்டை போடற மாதிரி ஒண்ணு பாத்து வாங்குங்க.”

“வீட்ல ஏற்கனவே ஒருத்தங்க இருக்காங்களே.”

“அதுல அவங்கதான் ஜெயிப்பாங்கன்னு தெரியும். இது யாரு ஜெயிப்பாங்கன்னு தெரியாத சண்டையா இருக்கணும்.”

கலியபெருமாள் இதை டைரியில் எழுதிக்கொண்டார். புரிந்ததா என்றால், இல்லை.



அவர் ஏன் இந்த வயதில் தவிலைத் தூக்கினார் என்பதற்கு ஒரு தும்மல் காரணம்.

அவர் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம். ஐயர் விரலை ஆட்டினார். கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள். மேளக்காரர் அப்போது பந்தியில் இருந்தார். ஓடி வந்து உட்கார்ந்து ஒரு அடி அடிப்பதற்குள் ஒரு தும்மல். மண்டபம் முழுக்கக் கேட்டது.

தும்மியவர் பெண்ணின் அண்ணன் பிச்சைக்கண்ணு. ஹோமப் புகை அவருக்கு ஆகாது.

அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் தும்மல்தான். கூரை ஒழுகியது, தும்மல். வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்தது, தும்மல். தோசை கல்லில் ஒட்டினால்கூட அவர் மனைவி கமலவேணி பெருமூச்சு விடுவார்.

“தும்முனது உங்க அண்ணன்தானே?”

“அண்ணன் தும்மும். மேளக்காரன் ஒழுங்கா அடிச்சிருந்தா யாருக்குக் கேட்டிருக்கும்?”

முப்பத்திரண்டு வருஷமாகச் சண்டை இந்த இடத்தில்தான் முடிகிறது.

இப்போது ஒரே மகள் சுடர்விழிக்குக் கல்யாணம். தை மாதம் முகூர்த்தம். பிச்சைக்கண்ணு தாய்மாமன். மேடையில், ஹோமத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அவரைத் தள்ளி நிறுத்தினால் கல்யாணமே நின்றுபோகும்.

ஆகவே கெட்டிமேளத்தைத் தானே வாசிப்பது என்று கலியபெருமாள் முடிவு செய்தார். நம்பி விடுவதற்கு வேறு ஆள் இல்லை என்பது அவர் கட்சி.

“தாளம் நின்னா வாசிங்க” என்றார் தையல்நாயகி. “நிக்கலன்னா நாற்காலில உக்காந்து பாருங்க.”



முதலில் வாங்கியது பெண்டுலம் வைத்தது. கோபுரம் மாதிரி மரப்பெட்டி. சாவி கொடுத்தால் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். டிக், டிக். நிமிஷத்துக்கு எத்தனை என்று வைக்கிறோமோ அத்தனை. கோபப்படாது, காபி கேட்காது.

இரண்டு வாரம் அதோடு சாதகம் செய்துவிட்டு வந்து வாசித்துக் காட்டினார்.

தையல்நாயகி கேட்டார். கடைசிவரை கேட்டார்.

“ஐயா, கால்ல ஏதாவது அடிபட்டுச்சா?”

“இல்லீங்களே. நல்லாத்தான் நடக்கறேன்.”

“நீங்க நடக்கறீங்க. தவில் நொண்டுது.”

கலியபெருமாள் பதறிப்போய்ப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்தார். தையல்நாயகி அதைத் தரையில் வைத்தார். டிக், டிக், டிக், டிக். சீராக அடித்தது.

பிறகு அதன் ஒரு பக்கத்தின் கீழே ஒரு தேங்காய்ச் சில்லை வைத்தார்.

டிக்டிக். டிக்டிக். டிக்டிக்.

“உங்க வீட்டுத் தரை கோணல்” என்றார்.

கலியபெருமாள் சில்லை எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்துப் பார்த்தார்.

“அதான் முப்பது வருஷமா, எந்தப் பக்கம் உக்காந்தாலும் ரசம் இலையை விட்டு ஓடுதா?”

அன்றைக்கு அதைக் கமலவேணியிடமும் சொன்னார். தரை போட்ட கொத்தனாரை விட்டுவிட்டு, பேச்சு தும்மலில் போய் முடிந்தது.



இரண்டாவது வாங்கியது மின்சாரப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கும். கோணல் தரையில் வைத்தாலும் பீப், பீப் என்று நேராகவே கத்தும்.

பத்து நாளில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“வாத்தியாரம்மா, தாளம் நின்னுடுச்சு. நானும் மெஷினும் ஒண்ணு.”

“எப்படித் தெரியும்?”

“வாசிச்சு முடிச்சிட்டுப் பாப்பேன். அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு தடவைகூட என்னைத் தப்புன்னு சொன்னதில்ல.”

தவில் அடிக்கும்போது அந்தப் பெட்டி கேட்குமா என்று தையல்நாயகி கேட்கவில்லை. தவில் அடித்தால் அடுத்த தெருவில் பேசுவதே கேட்காது. இது கலியபெருமாளுக்கு மட்டும் தோன்றவில்லை.

“உங்க விசில் இருக்கா?”

இருந்தது. வீட்டுச் சாவியோடு எப்போதும் தொங்கும். கொடுத்தார்.

தையல்நாயகி பெட்டியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விசிலை வாயில் வைத்துக்கொண்டார். “வாசிங்க” என்று தலையை ஆட்டினார்.

கலியபெருமாள் வாசித்தார். பெட்டி ஒரு பக்கம் போக, கை ஒரு பக்கம் போனால் விசில்.

ஆறாவது அடியில் முதல் விசில். பிறகு ஒன்று. பிறகு இரண்டு. மூன்று நிமிஷத்தில் பத்தொன்பது. தையல்நாயகியின் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்ததால், எதிர்வீட்டுக்காரர் வண்டி கிளம்பிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கலியபெருமாள் நிறுத்தினார். வியர்த்திருந்தது.

“மெஷின்ல ஏதோ கோளாறு.”

தையல்நாயகி விசிலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“பஸ் ஸ்டாண்டுல டிரைவருங்க லேட்டா வந்தா என்ன சொல்லுவாங்க?”

“உங்க கடிகாரத்துல கோளாறுன்னு சொல்லுவானுங்க.”

சொன்ன பிறகுதான் கையிலிருந்த விசிலைப் பார்த்தார்.



அடுத்து செல்போன். காதில் ஒயரைச் செருகி, சத்தத்தை முழுக்க வைத்து வாசித்தார். பீப் நன்றாகக் கேட்டது. தவில்தான் கேட்கவில்லை. குச்சி தோலில் படுகிறதா விளிம்பில் படுகிறதா என்றே தெரியவில்லை. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி பிறந்தது. மண்டபம் பேசியாகிவிட்டது, சமையல்காரர் பேசியாகிவிட்டது. மேளம் தையல்நாயகியின் செட்தான். அவர் கணவர் நாகசுரம், மனைவியின் கண்ணைப் பார்த்து வாசிக்கிறவர். இரண்டாவது தவில் யார் என்பது மட்டும் முடிவாகவில்லை.

கலியபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை.

“அப்பா, நீ வாசிக்கலன்னா என்ன?” என்றாள் சுடர்விழி. “நாற்காலில உக்காந்து என்னைப் பாரேன்.”

“மாமா தும்முவாரும்மா.”

“தும்மட்டுமே.”

“உங்க அம்மாகிட்ட அதைச் சொல்லு பாப்போம்.”

அவளும் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஏதோ தேடி, ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒன்றை வரவழைத்தாள்.

அது ஒரு பட்டை. முழங்காலுக்கு மேலே கட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் கிடையாது. அறுபத்தாறு என்று வைத்தால், நிமிஷத்துக்கு அறுபத்தாறு தடவை தோலில் தட்டும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விரலால் இடிப்பது போல. தவில் எவ்வளவு கத்தினாலும் அந்த இடி நிற்காது. எண்ணைக் கூட்ட மேலே ஒரு பொத்தான். குறைக்கக் கீழே ஒரு பொத்தான்.

முதல் நாள் கலியபெருமாள் அதோடு நன்றாகச் சண்டை போட்டார். இவர் ஓடுவார், அது இடிக்கும். இவர் முறைப்பார், அது இடிக்கும்.

நான்காம் நாள் வாசித்துக்கொண்டே, “அட, இரு!” என்று தன் காலைப் பார்த்துக் கத்தினார்.

ஒரு மாதத்தில் தாளம் நின்றது. நிஜமாகவே நின்றது.

ஆனால் மனுஷர் பட்டையைக் கழற்றவில்லை. அறுபத்தாறில் பல் விளக்கினார். அறுபத்தாறில் இட்லி மென்றார். கடைத்தெருவில் அறுபத்தாறில் நடந்ததால் பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“சர்க்கரை போதுமான்னு கேட்டா நாலு தட்டு கழிச்சுத்தான் பதில் வருது” என்று கமலவேணி அண்ணனுக்குப் போன் செய்து அழுதார்.

தையல்நாயகி ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். விசிலுக்கு வேலை வரவில்லை.

“ரெண்டாவது தவில் நீங்கதான். கெட்டிமேளமும் நீங்கதான் வாசிக்கறீங்க.”

கலியபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு டைரியைத் திறந்தார்.

“கெட்டிமேளத்துக்கு எத்தனையில வைக்கணும்ங்க?”

தையல்நாயகி அவரைப் பார்த்தார். டம்ளரை எடுத்தார். காபியைக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

கலியபெருமாள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். எடுத்தது ஒன்று, வைத்தது ஒன்று. ஆக இரண்டு. அறுபத்தாறை இரண்டால் பெருக்கினால் நூற்று முப்பத்திரண்டு.

சும்மா காபி குடித்தவரிடமிருந்து நூற்று முப்பத்திரண்டைக் கறந்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

டைரியில் எழுதி, கீழே கோடு போட்டார்.



முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை.

கலியபெருமாள் பட்டுவேட்டிக்குள் பட்டையைக் கட்டியிருந்தார். அறுபத்தாறு. பெண் அழைப்பு, மாலை மாற்றல் எல்லாவற்றுக்கும் இடையிடையே ஓடிவந்து தவிலில் உட்கார்ந்தார். கை ஓடவில்லை. உறவுக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அவர்கள் ஆச்சரியப்பட்டதைக் கமலவேணி எண்ணிக்கொண்டார்.

மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். அந்தத் தண்ணீர் கையில் காய்வதற்குள் மேளத்துக்குத் திரும்பி, ஈரத்தைத் துடைத்து, விரல்களில் தவிலுக்குப் போடும் கடினமான கூடு மாட்டிக் குச்சியை எடுத்தார்.

ஹோமம் புகைந்தது. காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது. பிச்சைக்கண்ணு மூக்கைத் தேய்த்தார்.

ஐயர் தாலியைத் தட்டில் எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். தொட்டுக் கும்பிட்டார்கள். தட்டு திரும்பி வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

ஐயர் விரலை ஆட்டினார்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

கெட்டிமேளத்துக்கு ஒரே வேலைதான். அந்த நேரத்தில் வேறு எதுவும் யார் காதிலும் விழக்கூடாது.

தையல்நாயகி தன் குச்சியை மடியில் வைத்தார். கணவரைப் பார்த்தார். அவர் நாகசுரத்தை வாயிலிருந்து எடுத்தார்.

மண்டபத்தில் கலியபெருமாளின் தவில் மட்டும் கேட்டது. அறுபத்தாறில்.

டம்.

“இந்தப் பூ எங்க வாங்கினாங்க?”

டம்.

“சாம்பார்ல உப்பு கம்மியாம்.”

டம்.

ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம் போலிருந்தது.

கலியபெருமாளின் வலது கை தவிலை விட்டது. நூற்று முப்பத்திரண்டு வைக்க வேண்டும். பொத்தான் வேட்டிக்குள் இருந்தது. ஆயிரம் பேர் நடுவில் சம்பந்தி வேட்டியைத் தூக்க முடியாது. துணிக்கு மேலேயே தடவினார். விரலில் கூடு. பொத்தான் எது, பட்டையின் விளிம்பு எது, ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒன்றை அமுக்கினார். அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க தேடறீங்க?” என்றார் கமலவேணி, மேடையிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்கு நேராகப் பிடித்தபடி நின்றார். ஐயர் இரண்டு விரலையும் ஆட்டினார்.

பிச்சைக்கண்ணுவின் தலை மெல்ல மேலே போனது. வாய் திறந்தது. கண் மூடியது.

“வாத்தியாரம்மா!” என்றார் கலியபெருமாள். “எத்தனை?”

தையல்நாயகி தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடர்விழி நிமிர்ந்தாள். குனிந்த தலை குனிந்தபடி இருக்கவேண்டிய நேரத்தில், அப்பாவைப் பார்த்தாள். தும்மட்டுமே என்று சொன்ன பெண்தான். ஆனால் அவள் கண்ணில் பயம் இருந்தது.

கலியபெருமாள் பொத்தானை விட்டார்.

கை போனது. எத்தனையில் போனது என்று யாரும் எண்ணவில்லை. நாலாவது சுற்றில் ஓடுவாரே, அந்த ஓட்டம். பட்டை இத்தனை நாள் கட்டி வைத்திருந்த ஓட்டம் மொத்தமாக அவிழ்ந்துகொண்டது. ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் நடுவில் எறும்பு போக இடமில்லை. மேடை அதிர்ந்தது. குத்துவிளக்கு நடுங்கியது. அட்சதை எப்போது விழுந்தது, முடிச்சு எப்போது விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை.

பிச்சைக்கண்ணு இரண்டாக மடிந்து நிமிர்ந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

ஐயர் கையைக் காட்டினார், போதும். கலியபெருமாள் நிறுத்தவில்லை. மறுபடி காட்டினார். நிறுத்தவில்லை. அவர் அழுதுகொண்டே அடித்துக்கொண்டிருந்தார்.

மடியிலிருந்து குச்சியை எடுத்தார் தையல்நாயகி. தன் தவிலில் ஒரு அடி அடித்தார். காத்திருந்தார். இன்னொரு அடி.

கலியபெருமாளின் கை மெல்ல இறங்கி வந்தது.

நாகசுரம் நிதானமாக ஏதோ ஒரு ராகத்தை எடுத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஹோமத்தைச் சுற்றி வந்தார்கள். கலியபெருமாள் வேறு எதையும் பார்க்கவில்லை. மகளின் பாதத்தை மட்டும் பார்த்தார். மருதாணி வைத்த பாதம் ஒன்று எடுத்து வைக்கும், ஒரு அடி. இன்னொன்று எடுத்து வைக்கும், ஒரு அடி. அவள் புடவை தடுக்கி நின்றபோது தவிலும் நின்று, அவளோடு சேர்ந்து கிளம்பியது. இந்தக் குழந்தைக்கு நடை பழக்கிய நாளெல்லாம் தான் பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. கை மாறவில்லை.

மூன்று சுற்று. பிறகு அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல். அரைமணி நேரம் வாசித்தார்.

தையல்நாயகி ஒரு தடவைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.



பந்தி ஆரம்பித்தது. பிச்சைக்கண்ணு கர்சீப்போடு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“தும்மினேன் மாப்ளே. சத்தியமா எனக்கே கேக்கல.”

கமலவேணி பின்னாலேயே வந்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் சொல்வதற்குக் குறை ஒன்றும் இல்லை. தேடினார். கடைசியில் ஒன்று கிடைத்தது.

“என்னங்க, உங்க வேட்டி ஏன் இப்படி நடுங்குது?”

கலியபெருமாள் குனிந்து பார்த்தார். முழங்காலுக்கு மேலே பட்டுவேட்டி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால் போய்ப் பட்டையை அவிழ்த்து எண்ணைப் பார்த்தார். பொத்தானைத் தடவி அமுக்கியபோது ஏறியது, ஏறியபடியே நின்றிருந்தது. கையில் பிடிக்க முடியாதபடி துடித்தது.

இருநூற்றெட்டு.

ஓடினார். தையல்நாயகி தவிலுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரம்மா, இது இருநூத்தியெட்டுல ஓடுது! கெட்டிமேளத்துலேந்தே ஓடியிருக்கு! அரைமணி நேரமா இடிச்சிருக்கு!”

“அப்படியா?” என்றார் தையல்நாயகி. “வலிக்கலையா?”

“தெரியவே இல்லையே! எனக்கு எப்படித் தெரியாம போச்சு?”

தையல்நாயகி உறையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“என்னைக் கேட்டா? உங்க காலுங்க ஐயா.”